உடைத்த பப்ஸ் எங்கே போச்சு?

மார்ச் 4, செவ்வாய்

வாய்க்குள் போவதையெல்லாம் தேதி போட்டு எழுத வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். இந்த நோட்டைக் கொடுத்தது கண் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் முபீனா என்ற பெண். மேலப்பாளையத்துக்காரி. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். நல்ல பிள்ளைதான். ஆனால் சிரித்துக்கொண்டே ஆளை மடக்குகிற பிள்ளை.

விஷயம் இதுதான். எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணில் தொடங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடும் என்கிறார் டாக்டர். ஆனால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 10.4 காட்டுகிறது. அது எட்டுக்குக் கீழே வந்தால்தான் கண்ணைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். ஜூன் தொடக்கத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

"எட்டுக்குக் கீழ வரலன்னா?" என்று முபீனாவிடம் கேட்டேன்.

"வரும் அங்கிள். நீங்க என்ன சாப்பிடுதீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். ஒண்ணையும் மறைக்காம எழுதுங்க. நான் ஏச மாட்டேன்."

ஏச மாட்டாளாம். எவ்வளவு பெரிய மனசு!

சரி, எழுதுகிறேன். காலை: இட்லி மூன்று, கொத்தமல்லிச் சட்னி. மதியம்: சோறு ஒரு கப், முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். மாலை: சீனி போடாத டீ. இரவு: கோதுமை தோசை இரண்டு.

இதில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அந்த டாக்டரே வந்து காட்டட்டும். இந்த நோட்டிலும் கோடுகளை என்ன மங்கலாக அச்சடித்திருக்கிறான்! என் எழுத்து படி இறங்கிப் போகிறது.

மார்ச் 5, புதன்

இன்று லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரைக்கும் கோழி பப்ஸ் ஓட்டம் குறைவு, காய் பப்ஸ் கூடுதல்.

முபீனா இதைப் படிப்பாள் என்பதால் என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ரூபி பேக்கரி என்னுடையது. கல்லாவில் என் மனைவி சொர்ணபாய். கேக் ஆர்டர் எழுதுவதற்காக எப்போதும் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். அடுப்பில் செல்லத்துரை, பதினெட்டு வருஷமாக என்னோடு இருக்கிறவன். மாவு, மடிப்பு, மசாலா எல்லாம் நான். ஞானதிரவியம் பப்ஸ் என்று பஜாரில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பப்ஸை எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் எப்படி வருகிறது, அடுக்கு பிரிகிறதா, உள்ளே பச்சை மாவு ஒட்டுகிறதா, உப்பு சரியா என்று பார்த்த பிறகுதான் தட்டு வெளியே போகும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த பொன்னையா மாஸ்டர் கொழும்பில் வேலை பார்த்து வந்தவர். அங்கே இதே சாமானுக்கு பேட்டிஸ் என்று பெயராம். அவர் வைத்த சட்டம் இது. உடைத்ததை விற்கவும் கூடாது, எறியவும் கூடாது, உடைத்தவனே தின்ன வேண்டும் என்பார். பாவம், கடைசிக் காலத்தில் ஆணி குத்தியதில் காலை எடுத்துவிட்டார்கள்.

இன்று எட்டுத் தட்டு. எட்டையும் உடைத்துப் பார்த்தேன். எல்லாம் முதல் தரம்.

காலை: இடியாப்பம் மூன்று. மதியம்: சோறு ஒரு கப், மீன் குழம்பு. மாலை: சீனி போடாத டீ. இரவு: கோதுமை தோசை இரண்டு.

மார்ச் 9, ஞாயிறு

கோயில். பிறகு கடை. ஆறு தட்டு உடைத்துப் பார்த்தேன். இரண்டாவது தட்டில் உப்பு ஒரு சிட்டிகை கம்மி. மதியம் மட்டன் இரண்டு துண்டுதான். சத்தியமாக இரண்டுதான்.

மார்ச் 12, புதன்

இப்போது பேப்பர்காரன் எல்லாம் மையை மிச்சம் பிடிக்கிறான். தலைப்பைத் தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை. சொர்ணத்தைப் படிக்கச் சொன்னால், "நல்லாத்தான இருக்கு" என்கிறாள். பகலிலும் விளக்கைப் போடச் சொன்னேன். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை.

எட்டுத் தட்டு உடைத்துப் பார்த்தேன். பப்ஸ் வெட்டிய மாவில் ஓரம் நிறைய மிஞ்சியது. அதை முறுக்கி, மேலே சீனி தூவிச் சுட்டு வைத்தான் செல்லத்துரை. வேலைக்கு நடுவே கொறிக்க நன்றாக இருக்கும். மிஞ்சிய மாவுதானே, வீணாகப் போகக் கூடாது.

காலை: கேப்பைக் கூழ். மதியம்: சோறு முக்கால் கப். மாலை: சீனி போடாத டீ. இரவு: இட்லி இரண்டு. இதற்கு மேல் குறைத்தால் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வெறும் வயிற்றில் 214. போன தடவை 209.

முபீனா நோட்டை வாங்கினாள். ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பிடித்துப் படித்தாள். இந்த வயதிலேயே இவளுக்கும் கண்ணில் கோளாறு போல. நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து அடிக்கோடு போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே போனாள். எனக்கு வேர்த்துவிட்டது.

"அங்கிள், ஒரே ஒரு கேள்வி."

"கேளும்மா."

"உடைச்ச பப்ஸ் எங்க போச்சு?"

"அது... பாதியச் செல்லத்துரைக்குக் குடுத்துருவேன்."

"மிச்சப் பாதி?"

"அது சாப்பாடு இல்லம்மா. அது வேலை."

"வேலை வாய் வழியா உள்ள போகுதுல்லா?" என்றாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "எட்டுத் தட்டு, எட்டு அரை. நாலு முழு பப்ஸ். ஒரு நாளைக்கு. சீனி போட்ட ஓரம் தனி. வீட்ல இந்த நோட்டை யாராச்சும் பாப்பாங்களா?"

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ராத்திரி எழுதி டிராயர்ல வச்சிருவேன்."

"சரி, சரி" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முப்பத்துநாலு வருஷத் தொழிலைத் தீனி என்று சொல்லிவிட்டாளே! தையல்காரன் துணியை உடுத்திப் பார்க்கிறானா என்று கேட்பாள் போலிருக்கிறது.

மார்ச் 19, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 21, வெள்ளி

சாப்பிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

சொர்ணம் கேட்டாள், "என்ன, நோட்டு எழுதுதது இல்லையா?"

"எழுதுதேன், எழுதுதேன்."

"ரெண்டு வார்த்தைல எழுதினா அந்தப் பிள்ளைக்கு என்ன வெளங்கும்?"

நான் இரண்டு வார்த்தையில் எழுதுவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. பேனா ஓடும் சத்தத்தை வைத்துச் சொல்லியிருப்பாள்.

மார்ச் 28, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கடையில் முட்டை பப்ஸ் நாலு மூலையும் மடித்தது. காயும் கோழியும் ஒரே வடிவம், நீளச் சதுரம். காய்க்கு மேலே கத்தியால் ஒரு கீறல், கோழிக்கு இரண்டு கீறல். கண் இருக்கிறவன் எவனுக்கும் குழம்பாது. தட்டுகளை ஷோகேஸில் அடுக்குவது நான்தான். வேறு யாரையும் விடுவதில்லை.

கோமதி டீச்சர் சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சிவன் கோயிலிலிருந்து நேரே நம் கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காய் பப்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகவே காய் பப்ஸுக்கு மேலே முட்டைக்குப் பதிலாகப் பால் தடவுகிறேன். இன்று முதல் கடியிலேயே நின்றுவிட்டார்கள். கையிலிருந்ததை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள்.

"ஞானதிரவியம், இது என்னது?"

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழுப்பாக ஒரு பப்ஸ் தெரிந்தது, அவ்வளவுதான். வாங்கி முகர்ந்தேன். கோழி.

வெளியே போய் வாயைக் கொப்பளித்தார்கள். கொப்பளித்துக்கொண்டே இருந்தார்கள். சொர்ணம் செம்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டீச்சர் கத்தவில்லை. நெற்றியில் திருநீறோடு நின்று, "ஒன்ன நம்பித்தானய்யா முப்பது வருஷமா கண்ண மூடிக்கிட்டுத் தின்னேன்" என்று மட்டும் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஷோகேஸில் இரண்டு தட்டும் இடம் மாறி இருந்தன. செல்லத்துரை மாற்றி வைத்தான்.

இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. உண்மையாகவே ஒன்றும்.

மார்ச் 29, சனி

சொர்ணம் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கை விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எத்தனை?"

"என்ன வெளாட்டு இது?"

"சொல்லுங்க. எத்தனை?"

சொல்ல முடியவில்லை. கை தெரிந்தது. விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தெரிந்தன. உத்தேசமாக மூன்று என்றேன். இரண்டாம்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கிறிஸ்மஸ்ல இருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

சொன்னால் மாவு மேசைப் பக்கம் விட மாட்டாள். மாவைத் தொடாமல் நான் என்ன செய்வேன்? பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை எண்ணவா? அதுவும் நம்பர் தெரியாமல்? இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். முப்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் அழவில்லை. "ஜூனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. முதல்ல அந்த உடைக்கிற சோலிய நிறுத்துங்க" என்றாள். ஷட்டரைத் தூக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

முபீனா கடைக்கே வந்துவிட்டாள். சொர்ணம்தான் போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள். உடைக்காமல் பப்ஸ் போட முடியாது என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேனாம். செய்வதைப் பார்க்காமல் பேச மாட்டேன் என்று அந்தப் பிள்ளையும் வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

மாவை விரித்துக் காட்டினேன். நடுவில் மார்ஜரினைப் பலகையாகத் தட்டி வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். ஆறவிட்டு மறுபடி தேய்த்து மடிக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. ஐந்து மூன்றுகளை ஒன்றோடொன்று பெருக்கச் சொன்னேன். போனில் தட்டிப் பார்த்து, "இருநூத்தி நாப்பத்தி மூணு!" என்று வாயைப் பிளந்தாள்.

"அத்தனை அடுக்கு. இதுல ஈஸ்ட்டும் கெடையாது, சோடாவும் கெடையாது. அடுப்புச் சூட்டுல மாவுல உள்ள தண்ணி ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும். கொழுப்பு நடுவுல நின்னு ஒட்டவிடாது. வெண்ணெய் போட்டா இன்னும் ருசி. ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு மேசையிலேயே உருகி ஓடிரும்."

"அழகா சொல்லுதீங்க அங்கிள். இப்ப நான் சொல்லட்டா? ஒரு பப்ஸ்ல அஞ்சு இட்லிக்கு உள்ள சக்தி இருக்கு. ஏறக்குறைய பாதி கொழுப்புல இருந்து வருது. மிச்சத்துல பெரும்பங்கு மைதா, நார்ச்சத்தே இல்லாதது. அஞ்சு இட்லி தின்னா வயிறு போதும்னு சொல்லிரும். பப்ஸ் லேசு. உள்ள காத்துல்லா. வாய் ஏமாந்துபோகும். ரத்தம் ஏமாறாது."

அப்படியென்றால் நான் ஒரு நாளைக்கு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே, இருபது இட்லி தின்றிருக்கிறேன். யாராவது என் முன்னால் இருபது இட்லியைக் கொண்டுவந்து வைத்திருந்தால் பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருப்பேன்.

"எங்க மாஸ்டர் எழுபது வயசு வரைக்கும் தின்னாரு. அவருக்கு ஒண்ணும் வரல" என்றேன். விடுவேனா நான்?

"அவருக்குத்தான் காலை எடுத்ததா எழுதியிருந்தீங்க."

"அது ஆணி குத்தினதும்மா."

முபீனா மெதுவாக, "ஆணி எல்லாருக்கும்தான் குத்துது அங்கிள். சர்க்கரை இருந்தா குத்தினது தெரியாது, புண்ணும் ஆறாது. அவருக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?" என்றாள்.

கடைசி இரண்டு வருஷம் அவர் என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். தண்ணீர்ச் செம்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அதையும் வயசு என்றுதான் நினைத்தோம்.

நான் மாவைத் துணி போட்டு மூடினேன்.

ஏப்ரல் 5, சனி

புதுச் சட்டம். உடைப்பது செல்லத்துரை. காதில் வாங்குவது நான். அவன் என் காதுக்குப் பக்கத்தில் பிடித்து உடைப்பான். நன்றாக வெந்த பப்ஸ் காய்ந்த சருகை மிதித்ததுபோலச் சொல்லும். வேகாதது முனகும். இத்தனை வருஷம் தின்று தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி காதுக்கே தெரிந்திருக்கிறது. வாய் சும்மா கூடவே வந்திருக்கிறது.

உப்புக்கு, மசாலாவை மாவில் வைப்பதற்கு முன்பே விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பிறகு வாயைக் கொப்பளித்துவிடுவேன். உடைந்த துண்டுகளைச் சொர்ணம் ஒரு தட்டில் போட்டுக் கல்லா பக்கத்தில் வைத்துவிடுகிறாள். டீ குடிக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விள்ளல் எடுக்கிறார்கள். இன்று ஆட்டோக்காரர் ஒருவர் கடைசித் துண்டுக்காகச் சண்டையே போட்டார்.

செல்லத்துரை மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, எனக்குச் சர்க்கரை இல்லல்லா?"

"ரத்தம் எடுத்துப் பாத்தியால?"

எடுத்ததில்லையாம். தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள் சொர்ணம்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கப், கீரை, மீன் ஒரு துண்டு. மாலை: டீ, சுண்டல். இரவு: கோதுமை தோசை இரண்டு. மசாலா, விரல் நுனி, மூன்று தடவை.

ஏப்ரல் 11, வெள்ளி

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவில் பப்ஸ் போட்டுப் பார்த்தேன். முபீனா ஆசைப்பட்டாள். செருப்பு மாதிரி வந்தது. அதில் அவளுக்கு இரண்டு பார்சல் அனுப்பினேன். "சுமார்தான் அங்கிள்" என்று செய்தி வந்திருப்பதாகச் சொர்ணம் வாசித்தாள். உண்மை பேசுகிற பிள்ளை.

டீச்சர் இந்த வெள்ளியும் வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். கடையில் கூட்டம், பதினாலு தட்டு. மதியம் யாரும் பார்க்காதபோது சீனி தூவிய ஓரத்தில் ஒரு துண்டு தின்றுவிட்டேன். ஒன்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் எழுதுகிறேன். ஓரம், ஒன்று.

எழுதிய பிறகு மனசு லேசாக இருக்கிறது. இது என்ன கூத்து என்று தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

வெறும் வயிற்றில் 148. முபீனா கைகொடுத்தாள். காலையில் மைதானத்தைச் சுற்றி நாற்பது நிமிஷம் நடக்கிறேன். சொர்ணம் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். பள்ளம் இருக்கிறதாம். பஜாரில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றேன். "பாக்கட்டும். ஒங்களுக்குத் தெரியவா போகுது?" என்கிறாள். வாய்!

மே 16, வெள்ளி

கோமதி டீச்சர் வந்தார்கள்! கல்லா முன்னால் நின்று, என்னிடம் பேசாமல் சொர்ணத்திடம், "ஒரு கீறலா ரெண்டு கீறலான்னு நீ பாத்துக் குடு. ஒன் வீட்டுக்காரன் குடுத்தா வாங்க மாட்டேன்" என்றார்கள்.

நான் உள்ளே இருந்து வந்து கும்பிட்டேன். "டீச்சர், தெரிஞ்சு செய்யல."

"தெரியலன்னுதான தப்பு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்லா? கண்ணுக்கு என்ன செய்யுத?"

சொன்னேன். முழுசாகக் கேட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "ஆபரேஷன் முடியட்டும், பொறவு ஒங் கையால வாங்குதேன்" என்றார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. இதையும் எழுதலாமா என்று முபீனாவைக் கேட்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

7.8.

ஜூன் 4, புதன்

நேற்று சந்தோஷத்தில் நம்பரை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். 7.8! டாக்டர் பன்னிரண்டாம் தேதி வியாழன் என்று குறித்துவிட்டார். வலது கண் முதலில். முபீனா ஒரு பரிசு தருவதாகச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்ததும் மாதத்துக்கு ஒரு பப்ஸ் தின்னலாமாம். மூன்று நிபந்தனை: உட்கார்ந்து தின்ன வேண்டும், தட்டில் வைத்துத் தின்ன வேண்டும், எழுத வேண்டும்.

"நின்னுக்கிட்டுத் தின்னா என்ன?"

"நின்னுக்கிட்டுத் தின்னா அது வேலைன்னு சொல்லிருவீங்க."

ஜூன் 9, திங்கள்

எனக்குப் பயம் ஒன்றுமில்லை. இருபது நிமிஷ வேலையாம். மரத்துப்போக மருந்து போடுவார்களாம். ஊரில் எத்தனை பேர் செய்துகொள்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனை. எல்லாம் சரி. முபீனா வழக்கம்போல நோட்டை ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை எனக்கு லீவு அங்கிள். ஆனா நான் வந்து வெளியில உக்காந்திருப்பேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எனக்குக் கேக்கும்" என்றாள்.

நான் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள்.

ஜூன் 14, சனி

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் கட்டை நேற்றே அவிழ்த்துவிட்டார்கள். எழுதக் கூடாது, குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. இன்று பத்து வரி எழுதலாம் என்று சொர்ணம் உத்தரவு கொடுத்திருக்கிறாள். பத்துக்கு மேல் போகும், ஏசட்டும்.

கறுப்புக் கண்ணாடியோடு கடைக்குப் போனேன். சுவரெல்லாம் ஒரே அழுக்கு. இவ்வளவு நாளாக வெள்ளைச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லத்துரை மீசைக்கு மை போடுகிறான். ஷோகேஸில் ஒரு கீறல், ஒரு கீறல், ஒரு கீறல். அடுத்த தட்டில் இரண்டு, இரண்டு, இரண்டு. வாசலில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன். சொர்ணத்தைப் பார்த்தேன். முன்தலை முழுக்க வெள்ளை.

"எப்பம் இப்படி நரைச்சுது?"

"நீங்க பாக்காதப்ப" என்றாள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். பேனாவோடு உட்கார்ந்து இந்த நோட்டைத் திறந்தேன். கோடுகள் நன்றாகத்தான் அச்சடித்திருக்கின்றன. என் எழுத்துதான் ஆரம்பத்தில் குடிகாரன் நடையாக இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால், ஓரங்களில் பென்சிலில் பொடி எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும். சொர்ணத்தின் எழுத்து.

மார்ச் 5: அரை பப்ஸ் எட்டு. ஓரம் ஒரு கிண்ணம். இவரு எழுத மாட்டாரு.

மார்ச் 12: பேப்பர்ல எழுத்து நல்லாத்தான் இருக்கு. கண்ணு ரொம்ப மோசமா இருக்கும்மா. எங்கிட்ட சொல்ல மாட்டேங்காரு.

மார்ச் 28: நெசமா ஒண்ணும் சாப்பிடல.

ஏப்ரல் 20: உண்மை. ஒண்ணுதான். நான் பாத்தேன்.

ஜூன் 9: பயப்படுதாரு. விடிய விடிய முழிச்சுக் கெடந்தாரு. நீ ரெண்டு வார்த்தை சொல்லும்மா.

மூன்று மாதமாக என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் படித்தது என்னுடையதை அல்ல, இதை.

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. திருட்டுத்தனம் என்று நினைத்தேன். அப்புறம் யார் திருட்டுத்தனம் செய்தது என்று யோசித்தேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது உள்ளே இருந்து வந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

நாலு மணித் தட்டு வந்தது. ஒரு முட்டை பப்ஸை எடுத்துத் தட்டில் வைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். சொர்ணத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"கல்லாவ யாரு பாப்பா?"

"செல்லத்துரை பாப்பான். உக்காருளா."

உடைத்தேன். சருகு மிதித்த சத்தம். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பாதியை அவள் கையில் கொடுத்தேன். வாரத்துக்கு ஆயிரம் பப்ஸ் விற்கிறவள், ஒன்றை உட்கார்ந்து தின்று நான் பார்த்ததில்லை. நானும் தின்றேன். குறை எதையும் தேடாமல் மெதுவாகத் தின்றேன். நன்றாகத்தான் போடுகிறேன். இதை இத்தனை வருஷம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு எழுதினேன். மாலை 4.20. முட்டை பப்ஸ், அரை. உட்கார்ந்து. தட்டில் வைத்து.

நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். "நீ எழுத வேண்டியத எழுது."

அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சுபோச்சா?"

"தெரியுது" என்றேன்.

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். அதை வாங்கி வைத்துவிட்டு என் பேனாவைக் கொடுத்தேன். உதட்டில் ஒட்டியிருந்த பொருக்கைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் இல்லாமல், என் வரிக்கு நேர் கீழே, நான் கண்ணாடியைக் கழற்றாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள்:

சரிதான். மிச்ச அரை நான் தின்னேன்.